பொருநைக் கரை வேதக்காரர்கள் – 14: மனை வாங்கிய சங்கம்

அம்பாசமுத்திரத்துக்கு முன்பு இளங்கோக்குடி என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் முள்ளி நாட்டு இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுத்து, முதல் கரையாமல் வட்டியைக் கொண்டு கோயில் அமுதுபடியை நடத்தச் சொன்னான். காசுக்கு இரண்டு கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல். கல்வெட்டு கணக்கில் படு கறார். அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர் எவ்வளவு, வாழைப்பழம் எத்தனை என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறது. அந்த 580 கலத்தையும் நட்டு அறுத்தவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கல்வெட்டுக்கு அது வேலையும் இல்லைதான். ஆனால் இந்தத் தொடருக்கு அதுதான் வேலை.

ஆயிரம் ஆண்டு கழித்து, 1801இல் திருநெல்வேலிச் சீமை முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தபோதும் களத்துமேட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணியைக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணை அணையாக மறித்துக் கால்வாய்கள் ஓடின. கார், பிசானம் என்று இரண்டு போகம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பிரம்மதேசம், வீரவநல்லூர் என வரிசையாக நஞ்சை ஊர்கள். நிலம் பிராமண, வேளாள மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பள்ளர்கள், இன்றைய தேவேந்திரகுல வேளாளர்கள். பண்ணையாள் என்ற பெயருக்குள் பல படிகள் இருந்தன. அன்றாடக் கூலிக்கு வந்தவர் உண்டு. தாத்தா வாங்கிய கல்யாணக் கடனுக்குப் பேரன் ஏர் பிடித்ததும் உண்டு. நிலத்தை எழுதிக் கொடுக்கும்போது ஆளையும் சேர்த்து எழுதும் வழக்கம் மாகாணத்தில் இருந்ததை, 1819இல் வருவாய் வாரியம் கலெக்டர்களிடமிருந்து திரட்டிய அறிக்கைகளே ஒப்புக்கொண்டன.

பண்ணையாளின் குடிசை நின்ற மண் அவனுடையதல்ல. மனையும் மிராசுதாருடையது. கூலி குறைவு என்று முணுமுணுத்தால் வேலை போகாது, வீடு போகும். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த ஐம்பதாண்டு நடந்தது எல்லாம் துலங்கும்.

கிழக்கே, சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில் காட்சி வேறு. அங்கே நெல் இல்லை, பனை. பங்குனி பிறந்துவிட்டால் பனையேறி விடிவதற்கு முன்பே முருக்குத்தடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாற்பது மரம், ஐம்பது மரம். காலையில் ஒருமுறை ஏறி இறங்கியதை மாலையில் இன்னொரு முறை ஏற வேண்டும், பாளை சீவாவிட்டால் பதநீர் நின்றுவிடும். கீழே விடிலிக்குள் அவர் மனைவி பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார். அடுப்புப் புகையில் கண் எரிய எரிய, கிளறுவதை விட முடியாது. மரம் பெரும்பாலும் இவர்களுடையதல்ல. நிலக்கிழார்களான நாடான் குடும்பங்களுக்கும் மற்றவர்களுக்கும் உரியது. விளைச்சலில் பாதி அங்கே போய்விடும். மரத்துக்கு வரி வேறு. இங்கும் குடியிருந்த இடம் அடுத்தவருடையதுதான்.

இந்த இரண்டு நிலங்களுக்குள்ளும் கிறிஸ்தவ வேதம் ஒரே விதமாக நுழையவில்லை. தேரியில் ஊர் ஊராகப் பரவியது, ஆற்றோர நஞ்சையில் வாசலோடு நின்றது. காரணத்தை நம் பக்தி இலக்கியக்காரர்கள் ஆவியானவரின் சித்தம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பத்திர ஆபீசில் தேடினால் வேறு காரணம் கிடைக்கும்.

1799இலிருந்து தொடங்கலாம். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஆண்டு அது. அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனில் சர்ச் மிஷனெரி சங்கம் (சி.எம்.எஸ்.) தொடங்கியது. அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்த வில்பர்ஃபோர்ஸின் வட்டம்தான் அதையும் தொடங்கியது. அதே 1799இல் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், அடிபட்டு விரட்டப்பட்ட சில கிறிஸ்தவக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு துண்டு நிலத்தில் குடியமர்த்தினார். நிலம் வாங்க உதவியவர் பாளையங்கோட்டையில் இருந்த கேப்டன் எவரெட் என்ற பட்டாள அதிகாரி. ஊருக்கு முதலூர் என்று பெயர் வைத்தார்கள். ஜெபவீட்டை இடித்தால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம், பனையோலைக்கா பஞ்சம்? மனையை விட்டு விரட்டினால் போக்கிடம் வேண்டும். முதலூர் அந்தப் போக்கிடம். சுந்தரானந்தம் நாடார் சமூகத்தில் பிறந்தவர், விரட்டப்படுவது எப்படி இருக்கும் என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

முதலூர் ஒரு தற்செயல் ஏற்பாடு. அதை ஒரு திட்டமாக்கியவர் ரேனியஸ் ஐயர்.

கார்ல் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ் 1790இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1814இல் மதராஸ் வந்து, 1820 ஜூலையில் பாளையங்கோட்டை சேர்ந்தார். தமிழை முறையாகப் படித்து இலக்கணமும் எழுதினார், புதிய ஏற்பாட்டைப் புதிதாக மொழிபெயர்த்தார். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் கோயில் 1826இல் எழுந்தது அவர் முயற்சியால். இதெல்லாம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அவர் 1830இல் தொடங்கிய தர்ம சங்கத்தைப் பற்றித்தான் பேச்சே காணோம்.

தர்ம சங்கத்தின் வேலை ஒன்றுதான், நிலம் வாங்குவது. சபையாரிடம் திரட்டிய காசோடு வெளியிலிருந்து வந்த நன்கொடையையும் சேர்த்து, கிடைத்த இடத்தில் நிலம் வாங்கினார்கள். அதை மனைமனையாகப் பிரித்து, ஞானஸ்நானம் வாங்கியதற்காக இருந்த இடத்திலிருந்து துரத்தப்பட்டவர்களைக் குடியேற்றினார்கள். நடுவில் கோயிலும் பள்ளிக்கூடமும் வந்தன, தெரு நேராகப் போனது, ஒரு கிணறு வெட்டினார்கள். அந்தக் கிணறு முக்கியம். ஊர்க் கிணற்றில் வாளி விடக்கூடாது என்று யாரும் இனிச் சொல்ல முடியாது. புளியூர்க்குறிச்சியில் ஜெர்மானியப் பிரபு டோனா அனுப்பிய பணத்தில் 1827இலேயே இப்படி ஒரு குடியிருப்பு உருவாகி, அவர் பெயரால் டோனாவூர் ஆகியிருந்தது. சங்கம் அதே வேலையைத் தொடர்ந்து செய்வதற்கான கருவி. இன்று நெல்லை, தூத்துக்குடி மாவட்டப் பேருந்துப் பலகைகளில் காணும் மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆசீர்வாதபுரம் எல்லாம் இந்தப் பரம்பரையின் பெயர்கள். எல்லாவற்றையும் தர்ம சங்கம் வாங்கவில்லை என்றாலும், வழி ஒன்றே.

இதில் இறையியலும் இல்லாமல் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் ஆதிச் சபையார் நிலங்களை விற்றுப் பொதுவில் வைத்ததும், யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் அறுவடைக் கூலியைப் பிடித்துவைத்த செல்வந்தர்களைத் திட்டித் தீர்ப்பதும் ரேனியஸ் தம் கையால் தமிழாக்கிய பகுதிகள்தாம். வயலை அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுகிறது என்ற செய்தியை லண்டன் ஆலயத்தில் உட்கார்ந்து கேட்பது ஒன்று, பிசான அறுப்பு முடிந்த மறுநாள் பதரும் சாவியும் கூலியாக அளந்து வாங்கியவன் கேட்பது வேறு. கேட்டவனுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

ஆனால் கூலிப் பிரச்சினையை ரேனியஸ் எடுக்கவில்லை. மனைப் பிரச்சினையை எடுத்தார். இது கோழைத்தனமா, சாமர்த்தியமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடலாம். இந்தத் தொடரின் கணிப்பு, கைக்கு எட்டியதை அவர் செய்தார் என்பதே. மிராசு முறையை எதிர்க்கச் சட்டமும் இல்லை, சர்க்காரின் விருப்பமும் இல்லை. வரியில் பெரும்பங்கு நஞ்சையிலிருந்து வந்தது. அதைக் கட்டியவர் மிராசுதார். கம்பெனிக்கு அவர் வேண்டியவர்.

சபைக்கு உள்ளேயும் சண்டை இருந்தது. பாளையங்கோட்டை விடுதிப் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ரேனியஸ் பிடிவாதமாக நின்றார். பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டு போன பெற்றோரும் உண்டு. தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் இந்தப் புதிய பாதிரிகளின் போக்கை, மொழிபெயர்ப்பிலும் சாதி விஷயத்திலும் சேர்த்தே எதிர்த்தார். சாதாரண ஆள் இல்லை, தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெரும் கவிராயர். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. நெல்லைச் சபைகளில் இன்றும் ஆண்டுதோறும் நடக்கும் அசனத்தில், பெரிய அண்டாவில் ஒரே சோறு, ஒரே குழம்பு, ஒரே பந்தி. அது சாப்பாட்டு விசேஷம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த விடுதிப் பந்தியின் கதை தெரியாது. கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சாதி எப்படி இருக்கிறது என்று கேட்டால், அது தனி அத்தியாயம், வரும்.

1835இல் சி.எம்.எஸ். ரேனியஸை நீக்கியது. காரணம் நிலமோ சாதியோ இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் குருத்துவ முறையை விமரிசித்து அவர் எழுதியது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. அப்போது அவர் வட்டாரத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சபையில் இருந்தார்கள். ஊரை விட்டுப் போனவரை உபதேசிமார்கள் திரும்ப அழைத்தார்கள், சபைகள் இரண்டாகப் பிரிந்தன. கோயில் யாருடையது, பள்ளிக்கூடம் யாருடையது, சபை குடியிருக்கும் இடம் யாருடையது என்று ஊர் ஊராகத் தகராறு. ஏழைக்கு மனை வாங்கியாயிற்று, ஆனால் பத்திரத்தில் யார் பெயர் என்ற கேள்வி அப்போதே முளைத்துவிட்டது. 1838 ஜூன் 5 அன்று ரேனியஸ் இறந்தார். பிரிந்துபோன சகாக்கள் மீண்டும் சி.எம்.எஸ்.ஸோடு சேர்ந்துகொண்டார்கள். நிலங்கள் மிஷனோடு நின்றன.

மனைக்கு அடுத்தது ஊழியம். சபை வழக்கில் இன்று இந்தச் சொல்லுக்கு இருக்கும் பரிசுத்தம் அன்று கிடையாது. சர்க்காருக்கும் கோயிலுக்கும் கூலி இல்லாமல் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் அந்தப் பெயர். அதிகாரி வந்தால் மூட்டை தூக்க வேண்டும், திருவிழா வந்தால் தேர் இழுக்க வேண்டும். மாகாணம் முழுவதும் தாசில்தாரின் சேவகர்கள் ஊர் ஊராகப் போய்த் தேருக்கு ஆள் பிடித்தார்கள். வடம் பிடிக்கும் பக்தர்கள் வேறு, பிடித்துவரப்பட்டவர்கள் வேறு. கிறிஸ்தவர்கள் வரமாட்டோம் என்றார்கள், அடி விழுந்தது. மதராஸ் பட்டாளத் தலைமைத் தளபதி சர் பெரிக்ரின் மெய்ட்லண்டே, கோயில் விழாக்களில் சிப்பாய்களை மரியாதைக்கு நிறுத்தும் உத்தரவை ஏற்க மாட்டேன் என்று 1838இல் பதவியை விட்டுப் போனார். தளபதிக்குப் பதவி போனது செய்தியாயிற்று, பனையேறியின் முதுகுக்குச் செய்தி ஏது? ஆனால் இந்த நெருக்கடிகளால் கட்டாயத் தேரிழுப்பு சர்க்கார் வேலையாக இருந்தது மெல்ல விலகியது. கூலியில்லா உழைப்பில் ஒரு கண்ணி அறுந்தது.

இங்கிலாந்துப் பாராளுமன்றம் அதற்குள் அடிமைமுறையை ஒழித்திருந்தது. 1833 சட்டம். அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடாக இரண்டு கோடி பவுன் கொடுத்தார்கள், அடிமைகளுக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு விஷயம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு. மேற்கிந்தியத் தீவுக் கரும்புத் தோட்டத்தில் குற்றமானது கன்னடியன் கால்வாய் வயலில் குற்றமாகவில்லை. பத்தாண்டு கழித்து, 1843இன் ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டில் கேட்க முடியாது என்பதோடு அது நின்றது. ஆள் வைத்திருப்பது தண்டனைக்குரியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அம்பாசமுத்திரத்து மிராசுதாருக்கு இதனால் தூக்கம் கெட்டிருக்காது. அடிமைச் சீட்டு செல்லாவிட்டால் என்ன, கடன் சீட்டு செல்லுமே. மனையும் அவரிடமே இருந்தது.

தூக்கம் கெட்டது வேறு இடத்தில். 1840களின் தொடக்கத்தில் திருச்செந்தூர்ப் பக்கம் விபூதிச் சங்கம் எழுந்தது. சபையில் சேர்ந்தவர்களை மறுபடி திருநீறு பூச வைப்பது அதன் வேலை. வெறும் மதச்சண்டையாக இதைப் படித்தால் பாதிதான் புரியும். நேற்றுவரை முற்றத்தில் நின்று பேசியவன் இன்று வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு கலெக்டர் கச்சேரியில் மனு எழுதிக் கொடுக்கிறான். துரையின் பாதிரி அவனுக்காகப் பேசுகிறார். ஊழியத்துக்குக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்கிறான். அவனை விரட்ட மனையும் கையில் இல்லை. நிலம் வைத்திருந்தவர்களுக்கு இதில் எது அதிகம் கசந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

1845 நவம்பரில் அந்தக் கசப்பு நல்லூரில் வெடித்தது. நல்லூர் ஆலங்குளத்துக்கு அருகே, அம்பாசமுத்திரத்துக்கு வடக்கே இருக்கும் ஊர். ரேனியஸின் சகாவான ஷாஃப்டர் ஐயரின் பணித்தலம். திரண்டு வந்த கூட்டம் சுற்றுவட்டாரக் கிறிஸ்தவக் குடியிருப்புகளில் புகுந்து அடித்து நொறுக்கியது, வீடுகளைச் சூறையாடியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதாகி, கீழ்க் கோர்ட்டில் தண்டனையும் கிடைத்தது. மதராஸ் மேல் கோர்ட்டில் நீதிபதி மால்கம் லூயின் சாட்சியத்தை வேறுவிதமாகப் பார்த்தார், பலர் விடுதலையானார்கள். கவர்னர் ட்வீடேலுக்கும் லூயினுக்கும் முட்டிக்கொண்டு, 1846இல் லூயினின் பதவியே போயிற்று.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். கலெக்டர் ஈ.பி. தாமஸ் மிஷனெரிகளோடு நெருக்கமானவர் என்பது ஊரறிந்த விஷயம். மதராஸில் காஜுலு லட்சுமிநரசு செட்டி கூட்டம் கூட்டி, சர்க்காரே பாதிரிகளின் பக்கம் சாய்ந்தால் எங்களுக்கு நியாயம் எங்கே என்று கேட்டார். பிறகு 1852இல் மதராஸ் சுதேசி சங்கத்தை நிறுவியவர் இவர். அவர் கேட்டது தப்பில்லை. பனையேறிக்கு ஆதரவாக வந்த அதே துரைத்தனம்தான் மரத்துக்கு வரியும் வாங்கியது. சபையின் பாதுகாப்பு, சாம்ராஜ்யத்தின் நிழலில் கிடைத்த பாதுகாப்பு. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நிறைய உண்டு, ஆவணங்கள் ஒத்துழைப்பதில்லை.

சரி, ஆற்றோரம் ஏன் அசையவில்லை?

தேரி நிலம் மலிவு. செம்மண் காடு, பனை, உடைமரம். ஒரு பட்டாள அதிகாரியின் கைக்காசிலும் ஒரு ஜெர்மானியப் பிரபுவின் நன்கொடையிலும் ஊரே வாங்க முடிந்தது. பனையேறிக்கு ஓரளவு சுதந்திரமும் இருந்தது. மரம் ஏறும் திறமை அவர் கையில் இருந்தது, ஏற ஆள் இல்லாவிட்டால் மரக்காரருக்கும் நஷ்டம். கன்னடியன் கால்வாய்ப் பாசன நிலமோ விலைக்கு வராது. வந்தாலும் தர்ம சங்கத்தின் உண்டியலுக்கு எட்டாது. கோயில் நிலத்தையும் மட நிலத்தையும் விற்பார் இல்லை. ஊர் நத்தம் முழுவதும் மிராசுதார்களின் பிடியில். உள்ளே ஒரு மனை வாங்க முடியாத இடத்தில் தர்ம சங்கத்துக்கு வேலை இல்லை. வேதத்துக்கு வந்த பள்ளர் குடும்பம் எங்கே போய்த் தங்கும்? வயலை விட்டுத் தேரிக்குப் போனால் பனை ஏறத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெல்லைச் சபை வரைபடத்தில் ஆற்றின் இரு கரையும் வெளிறிக் கிடப்பதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் வேண்டாம்.

கிறிஸ்தவ ஊர்களிலும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. நிலம் மிஷன் பெயரில் இருந்ததால் மிஷனெரியே நிலக்கிழார் ஆனார். ஞாயிறு கோயிலுக்கு வராதவருக்கு அபராதம், குடித்தவருக்கு விசாரணை, ஒழுங்கு தவறினால் ஊரைவிட்டுப் போகச் சொல்லும் அதிகாரம். பழைய பண்ணையார் கூலியைத்தான் பிடித்தார், புதியவர் ஆத்துமாவுக்கும் கணக்குக் கேட்டார். 1849இல் மிஷனெரி கால்டுவெல் எழுதிய புத்தகம் சாணார் என்ற பெயரில் நாடார் சமூகத்தைத் தாழ்வாகச் சித்திரித்தது. நாசரேத்தில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சட்டாம்பிள்ளை கொதித்தெழுந்து, 1857இல் வெள்ளைக்காரர் துணை இல்லாத இந்துக் கிறிஸ்தவச் சபையைத் தொடங்கினார். சமத்துவம் சொல்லிக் கொடுத்தவரிடமே சமத்துவம் கேட்டது அந்தக் கலகம். சட்டாம்பிள்ளைக்கு இந்தத் தொடரில் முழு அத்தியாயம் காத்திருக்கிறது.

மனைதான் முடிச்சு என்பதை சர்க்கார் காகிதத்தில் ஏற்றியது வெகு காலம் கழித்து, அதுவும் வேறு மாவட்டத்தில். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் பறையர்களின் நிலைமையைப் பற்றி ஓயாமல் எழுதி, மனுக் கொடுத்துச் சர்க்காரைச் சும்மா இருக்க விடவில்லை. கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் தந்த அறிக்கை, குடியிருக்கும் மனைகூட மிராசுதார் கையில் இருப்பதால் கூலிக்காரன் வாய் திறக்க முடியவில்லை என்பதைப் போட்டு உடைத்தது. 1892இல் வந்த உத்தரவிலிருந்துதான் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தில் எவ்வளவு இன்று உரியவர்கள் கையில் இருக்கிறது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ரேனியஸ் நன்கொடை வாங்கிச் செய்ததை ஆண்ட்ரூவும் கௌடியும் சர்க்காரைச் செய்ய வைத்தார்கள். நெல்லைச் சபைக்கு அந்த அடுத்த படி தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அம்பாசமுத்திரத்தின் கதை மாறியிருக்குமா? மாறியிருக்க வாய்ப்பு குறைவு. நஞ்சையில் பங்கிட்டுத் தரச் சர்க்கார் தரிசு ஏது?

மனை கிடைக்காதவர்கள் கப்பல் ஏறினார்கள். 1830களிலிருந்து இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிகளின் பின்னால் ஆட்கள் கிளம்பினார்கள். பண்ணையில் பட்ட கடனுக்குப் பதில் கங்காணியிடம் கடன். ஆனாலும் கூலி காசாகக் கிடைத்தது, பண்ணையார் கண்ணுக்கு எட்டாத தூரம். கிறிஸ்தவர்களும் போனார்கள். அவர்களுக்காக 1854இல் சி.எம்.எஸ். கண்டியில் தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கியது, நெல்லையிலிருந்து உபதேசிமார்கள் போனார்கள். தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று, மாலை வேலை முடிந்து வருபவர்களைக் கூட்டி வைத்து ஜெபம் நடத்தினார்கள். அந்த உபதேசிமார்களின் சம்பளத்துக்குத் தோட்டத் துரைமார்களே சந்தா கொடுத்தார்கள். சிலர் பக்தியால் கொடுத்தார்கள். ஜெபம் பண்ணுகிற கூலி ஓடிப்போக மாட்டான், குடிக்க மாட்டான் என்ற கணக்கும் சிலருக்கு இருந்தது. யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் அங்கே எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

இலங்கையில் தேடிப்போன தோட்ட வேலை, பிறகு தேயிலையாக அம்பாசமுத்திரத்துக்கே வந்தது. 1929 பிப்ரவரி 12 அன்று சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் மலைக்காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காட்டை அழித்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று எஸ்டேட்டுகள் எழுந்தன. இங்கும் குடியிருந்த லயன் வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். மலையில் கோயிலும் கட்டினார்கள், வேதக்கோயிலும் கட்டினார்கள். கூலி உயர்வு கேட்டுச் சிறைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியில் கூட்டம் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு, ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். அந்தக் குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே 2024இல் கம்பெனி வேலையை நிறுத்திக்கொண்டு, தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பி, வீடுகளைக் காலிசெய்யச் சொன்னது. நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தவர்கள் வெளியேற்றக் கூடாது என்று ஹைகோர்ட்டுக்குப் போனார்கள்.

அடுத்த இதழில்: 1877 தாது வருஷப் பஞ்சமும் நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் தொடங்கிய கைத்தொழில் பள்ளியும்.